குளிர் என்று மொழிபெயர்த்தவர்

என்னுடைய அகதி விண்ணப்பம் விசாரணைக்கு வந்த அன்றுதான் அவரை முதலில் கண்டேன். ஒக்லண்ட் நகர நடுவில் ஒரு கட்டடத்தின் ஏழாம் மாடி. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நான், பக்கவாட்டில் மொழிபெயர்ப்பாளராக அவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, இழுத்து வாரிய தலை, கையில் ஒரு பென்சில். தமிழ் முகத்தைக் கண்ட சந்தோசத்தில், "வணக்கம் அக்கா, ஊரிலை எவடம்?" என்று கேட்டேன். அவர் அதிகாரியிடம் திரும்பி, நான் வணக்கம் சொல்லி ஊர் கேட்டதை ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என்னிடம், "நீர் கேட்டதை அவருக்குச் சொல்லியிருக்கிறன். நான் பதில் சொல்லக் கூடாது" என்றார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெரிய துன்பத்தைச் சொல்ல வந்தால் முன்னால் ஒரு 'கொஞ்சம்' போட்டுக்கொள்வோம். வெட்கமோ, கேட்கிற ஆளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற எண்ணமோ தெரியாது. தடுப்பு முகாமில் என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டபோது, "கொஞ்சம் அடிச்சவங்கள்" என்றேன். அவர் அந்தக் 'கொஞ்ச'த்தையும் சேர்த்தே மொழிபெயர்த்தார். அந்த அளவு ஆங்கிலம் எனக்கும் விளங்கும்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டார்.

எனக்கு உச்சிவரை கோபம் ஏறியது. அந்த ஒரு சொல்லை விழுங்கியிருந்தால் இந்தப் பெண்ணுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? ஆனால் கேள்வி வந்துவிட்டது. எத்தனை பேர், எதைக் கொண்டு, எத்தனை நாள், பிறகு எப்படி நடந்தாய் என்று இரண்டு மணித்தியாலம் சொல்ல வேண்டியதாயிற்று. நடுவில் நான் அழுதேன். "ஐயோ கடவுளே" என்றேன். அதையும் அவர் அதே குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்.

முடிந்து வெளியே வந்ததும் லிப்ட் வாசலில் கேட்டேன். "அந்தக் கொஞ்சத்தை விட்டிருக்கலாம்தானே அக்கா?"

"நீர் சொன்னனீர்" என்றார். லிப்ட் வந்தது. வழக்குக்காரனோடு தனியாக ஒரே லிப்டில் இறங்கக் கூடாது என்று ஏழு மாடியும் படியால் இறங்கிப் போனார்.

நாலு மாதம் கழித்து என்னை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. காரணம் என்று அதில் எழுதியிருந்ததெல்லாம் அந்த இரண்டு மணித்தியாலத்தில் சொன்னவைதான். அப்போதும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கோடையில் ஒக்லண்டின் புறநகரான பாபடோயிட்டோவில் ஒரு மரக்கறிக் கடையில் அவரைக் கண்டேன். வெண்டிக்காயை ஒவ்வொன்றாக முனை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காணாத மாதிரிப் போகப் பார்த்தேன். அவர் கூப்பிட்டார்.

"உம்மடை கேஸ் முடிஞ்சுதெல்லோ?"

"ஓம்."

"அப்ப இனிக் கதைக்கலாம்." பிறகு தன் ஊரைச் சொன்னார். ஏழாம் மாடியில் நான் கேட்ட கேள்விக்குப் பத்து மாதம் கழித்து வந்த பதில் அது. என் ஊரிலிருந்து நாலு மைல்தான்.

அவர் அங்கே ஒரு பிஜி இந்தியக் குடும்பத்தின் வீட்டில் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்கார அம்மாவின் பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "எல்லாரும் ரூம் கேட்டு வந்தா, நான் நல்லவன், சத்தம் போட மாட்டேன், அப்படித்தான் பேசுவாங்க. இவ வந்து, 'நான் சமைச்சா வீடு முழுக்க மணக்கும், சில நாள் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன்'னு சொன்னா. ரெண்டும் உண்மைதான்."

எங்கள் ஆட்களுக்கு அவரைப் பிடிக்காது. அகதி வழக்கு உள்ளவர்கள் பிறந்தநாள் விழாக்களில் அவரைச் சுற்றிக்கொண்டு, "எங்கடை பிள்ளையள் சொல்லத் தெரியாமல் சொல்லுவினம், நீங்கள் கொஞ்சம் காரம் போட்டுச் சொல்லுங்கோவன்" என்பார்கள். "காரம் கறிக்குப் போடுறது" என்று சொல்லிவிட்டு அவர் கேக்கைச் சாப்பிடாமலே எழும்பிப் போவார். கல் நெஞ்சுக்காரி என்று பெயர். கலியாணம் கட்டாததற்கும் அதையே காரணமாகச் சொன்னார்கள்.

அவர் ஏன் அப்படி இருந்தார் என்பது தெரிய வந்தது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை பின்னேரம்.

ஊரிலிருந்து ஓர் அரசாங்கப் பிரமுகர் வந்திருந்தார். வெளிநாடுகளுக்குப் போய் நாட்டின் பெயரைத் துலக்கி வைப்பதுதான் அவருடைய வேலை. த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு மண்டபம் எடுத்து, வெள்ளைக்காரரையும் எங்களையும் சேர்த்து அழைத்திருந்தார்கள். வாசலில் வடையும் தேத்தண்ணியும். திரையில் படங்கள் காட்டினார்: புதிய பாலம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு ஒரு தடுப்பு முகாம். கைதிகள் வலை கட்டிப் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

முன் வரிசையிலிருந்த தேவாலயத்து அம்மா ஒருவர், வழக்கில்லாமல் பிடித்து வைத்திருப்பவர்களை யாராவது போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலப் பிரமுகர் சிரித்தார். ஐரோப்பாவிலிருந்து ஒரு குழு வந்து, அரசின் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, கைதிகளோடு முகத்துக்கு முகம் பேசிப் போனது என்றார். அவர்களுடைய அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். கைதிகளிடமிருந்து வந்த ஒரே முறைப்பாடு இரவில் குளிர் என்பதுதான். மறுநாளே எல்லாருக்கும் போர்வை கொடுத்தோம் என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

பின் வரிசையில் அக்கா எழுந்து நின்றார். மேடையில் இருந்தவர் வேறு கேள்வியை எதிர்பார்த்துத் தலையாட்டினார்.

"அந்த மொழிபெயர்ப்பாளர் நான்தான்" என்றார் ஆங்கிலத்தில். விசாரணை அறையில் பேசும் அதே குரல். "கைதி தமிழில் சொன்னது இது: 'ராவிலை வந்து அடிக்கிறாங்கள், தயவுசெய்து இவையளுக்குச் சொல்லுங்கோ.' முகாம் அதிகாரி என் கதிரைக்குப் பின்னால் நின்றார். இரவில் குளிராக இருக்கிறது என்கிறார் என்று நான் மொழிபெயர்த்தேன். அந்தக் கைதிக்கு ஆங்கிலம் தெரியும் என்று எனக்குத் தெரியாது. வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று குழுவினர் கேட்டபோது, அவர் என்னைப் பார்த்துக்கொண்டு, 'நோ' என்று ஆங்கிலத்திலேயே சொன்னார். அறிக்கையில் இருக்கும் குளிர் நான் சொன்னது. அவர் சொன்னதல்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பிரமுகருக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. "எங்கள் மக்கள் எவ்வளவு சுதந்திரமாகப் பேசுகிறார்கள் என்று நீங்களே பார்க்கிறீர்கள்" என்றார். சிலர் அதற்கும் கைதட்டினார்கள். முடிந்ததும் இறங்கி நேராக அக்காவிடம் வந்து, மடியில் கிடந்த அவருடைய கையைத் தானே எடுத்துக் குலுக்கினார். ஒருவர் படம் எடுத்தார். அந்தப் படம் ஊர்ப் பத்திரிகையில், வெளிநாடு வாழ் மக்களுடன் நேச உரையாடல் என்ற தலைப்போடு வந்தது.

அதன் பிறகு எங்கள் தமிழ்ச் சங்கத்துக்காரருக்கு அவர் மேல் திடீர்ப் பாசம் வந்தது. அவர் மண்டபத்தில் சொன்னதை வைத்துத் துண்டுப் பிரசுரம் ஒன்று தயாரித்துக்கொண்டு அவரிடம் போனார்கள். நான்தான் காரோட்டிப் போனேன். பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசித்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதிலை 'கொல்லுறாங்கள்' எண்டு கிடக்கு."

"அடிச்சுத்தானே கொல்லுறவங்கள், அக்கா" என்றார் செயலாளர்.

"அந்தாள் அடிக்கிறாங்கள் எண்டுதான் சொன்னவர். ஒருக்கா நான் அவற்றை சொல்லை மாத்தினது போதும்."

"நல்ல காரியத்துக்குத்தானே?"

"அண்டைக்கும் எனக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். திரும்பி வரும்போது காரில் செயலாளர் சொன்னார்: "இவ இன்னும் அரசாங்கத்தின்ரை ஆள்தான்."

அந்த ஐரோப்பியக் குழுவுக்கு அவர் தானே ஒரு கடிதம் எழுதினார். அறிக்கையைத் திருத்தும்படி கேட்டிருந்தார். மூன்று மாதம் கழித்து மரியாதையான பதில் வந்தது. அரசாங்கத்திடம் விசாரித்ததாகவும், அந்தப் பெயரில் எந்த மொழிபெயர்ப்பாளரும் தங்களிடம் வேலை செய்ததில்லை என்று அரசு பதில் தந்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அவர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

"பதினொரு வருசம் வேலை செய்தனான். இப்ப நான் அந்த அறையிலையே இருக்கேல்லையாம்." சிரித்த மாதிரி இருந்தது. அவர் சிரித்து நான் கண்டது அது ஒன்றுதான்.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து அவருடைய தம்பியின் மனைவி ரெலிபோன் எடுத்தார். தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அரசியலில் ஒட்டாத மனிதன். பள்ளிக்கூட வாசலில் சாதாரண உடுப்போடு நாலு பேர் வந்து வான் வண்டியில் ஏற்றிப் போயிருந்தார்கள். மனைவி போன பொலிஸ் நிலையங்களிலெல்லாம் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். ஏன் பிடித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நிலையத்தில் மட்டும் ஒரு பெரிய அதிகாரி, "உங்கடை மச்சாள் நியூசிலாந்திலை சுகமோ?" என்று கேட்டாராம்.

அந்த நாட்களில் நான் வேலை முடிந்ததும் அவருடைய அறைக்குப் போவேன். அவர் அழவில்லை. ரெலிபோன் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். வீட்டுக்கார அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டு வந்து வைப்பார். அது ஆறிப்போய்க் கிடக்கும். தம்பிக்குச் சின்ன வயதில் இருட்டுப் பயம் என்று ஒருநாள் சொன்னார்.

முப்பதாவது நாள்போல, தூதரகத்திலிருந்து ஓர் இளைஞன் வருகிறான் என்றார். "நீர் வந்து இரும். நடக்கிறதை ஒரு ஆள் பாக்க வேணும்" என்றார். போனேன்.

வந்தவன் தமிழன். முப்பது வயது, நல்ல உடுப்பு, நல்ல பழக்கவழக்கம். சப்பாத்தை வாசலில் கழற்றினான். ஊர்த் தேயிலைப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்தான். தம்பியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அக்கா, உங்களை ஒருத்தரும் வற்புறுத்தேல்லை. கன காலம் போனால் ஞாபகம் பிசகுறது சகசம்" என்று சொல்லி ஒரு கடிதத்தை எடுத்தான். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு பக்கம். குழுவோடு மொழிபெயர்ப்பாளராகப் போன தான், கைதி சொன்னதைப் பிற்காலத்தில் தவறாக நினைவுகூர்ந்துவிட்டதாகவும், அன்று செய்த மொழிபெயர்ப்பே சரி என்றும் அவர் சொல்வதாக இருந்தது.

அவர் மூன்று தரம் வாசித்தார்.

"நான் உங்களிட்டை வேலை செய்யவே இல்லை எண்டு போன மாதம் எழுதிக் குடுத்திருக்கிறியள். இல்லாத ஆள் எப்பிடித் தம்பி பிழையா ஞாபகம் வைச்சிருக்கிறது?"

"அது எழுத்துப் பிழை அக்கா. அதைத் திருத்தலாம்." அவன் முகம் மாறவில்லை.

"கையெழுத்து வைச்சால் எப்ப விடுவியள்?"

"ஆரை அக்கா? எங்களிட்டை ஒருத்தரும் இல்லையே." தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "ஆனால் வீட்டை விட்டுப் போனவை சில நேரம் தாங்களாத் திரும்பி வருவினம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? வையுங்கோ என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. நிலத்தைப் பார்த்தேன். அவர் பென்சிலை வைத்துவிட்டு என்னிடம் பேனா கேட்டார். கையெழுத்துக்கு மேலே இருந்த திகதி பிழையாக இருந்தது. அதை வெட்டிச் சரியான திகதியைப் போட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார். இளைஞன் நன்றி சொல்லி, குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு போனான்.

பதினொரு நாள் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான் என்று செய்தி வந்தது. ஒரு சந்தியில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். கடிதத்தின் பிரதி ஐரோப்பாவுக்கும் போயிற்று, பத்திரிகைக்கும் போயிற்று. சங்கத்துச் செயலாளர் என் வீட்டுக்கே வந்து, "பாத்தியோ, நான் சொன்னனான்" என்றார். நான் தம்பி விசயத்தைச் சொன்னேன். சொல்லியிருந்தால் நாங்கள் உதவியிருப்போமே என்றார். என்ன உதவி என்று நான் கேட்கவில்லை.

அவர் மொழிபெயர்ப்பு வேலையை விட்டார். அகதி விசாரணை அலுவலகத்துப் பெண் ரெலிபோன் எடுத்து, இவ்வளவு திறமான ஆளை நாங்கள் இழக்க முடியாது என்று கெஞ்சியபோது நான் பக்கத்தில் இருந்தேன். "நான் தெரிந்துகொண்டே ஒரு பொய்க் கடிதத்தில் கையெழுத்து வைத்திருக்கிறேன். என்னை நீங்கள் பாவிக்கக் கூடாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஹென்டர்சனில் பிளாஸ்டிக் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலைக்குப் போனார். விடியற்காலை இரண்டு பஸ் மாற வேண்டும். ஏன் அக்கா என்று கேட்டேன். "பெட்டிக்கு மூடி சரியா இருக்கோ எண்டு பாக்கிறது மட்டும்தான் வேலை" என்றார்.

ஒன்றரை வருடம் கழித்துத் தம்பி ஒக்லண்டுக்கு வந்து சேர்ந்தான். மனைவியும் மகளும் விசா கிடைக்காமல் கொழும்பில் இருந்தார்கள். மெலிந்த, மரியாதையான மனிதன். யாராவது பின்னால் வந்தால் ஒதுங்கி வழிவிடுவான். இடக்கையைப் பெரும்பாலும் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தான். வந்து ஒரு மாதத்தில், அந்தக் கையைப் பார்க்க டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவனுக்கு டாக்டரின் ஆங்கிலம் பிடிபடவில்லை. அக்கா மொழிபெயர்க்க மாட்டேன் என்றார். நான்தான் செய்தேன்.

டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, இது எப்படி நடந்தது என்று கேட்டார்.

"விழுந்திட்டன்" என்றான் தம்பி. "படியிலை."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் யாரும் என் கதிரைக்குப் பின்னால் நிற்கவில்லை. இருந்தும் கொழும்பிலிருந்த அவனுடைய மனைவியும் மகளும் ஒரு நொடியில் என் மனதில் வந்து போனார்கள். விழுந்துவிட்டதாகச் சொல்கிறார் என்றேன்.

ஒரே விழுகையில் மூன்று விரலும் இப்படி ஆகாதே என்றார் டாக்டர். அதைத் தமிழில் சொன்னேன். தம்பி, "ஓம்" என்று மட்டும் சொன்னான். அதையும் மொழிபெயர்த்தேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து காரில் ஏறினோம். நான் சாவியைத் திருகியபோது அவர் கதவைத் திறந்தார். "இருங்கோ, வாறன்" என்று இறங்கி உள்ளே போனார். மழை தூறியது. நானும் தம்பியும் காருக்குள் இருந்தோம். அவன் இரண்டு தரம் திரும்பி அந்த வாசலைப் பார்த்தான். இருபது நிமிடம் இருக்கும்.

வந்து முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார்.

"என்னத்தை அக்கா விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று பின்னாலிருந்து தம்பி கேட்டான்.

"ஒண்டையும் விடேல்லை. நீ விழுந்தனான் எண்டு சொன்னது அப்பிடியே இருக்கட்டும். அது உன்ரை சொல். ஆர் உன்னைப் பிடிச்சது, ஏன் பிடிச்சது, நான் என்னத்திலை கையெழுத்து வைச்சு உன்னை எடுத்தனான் எண்டு எனக்குத் தெரிஞ்சதை டாக்டருக்குச் சொன்னனான். அது என்ரை சொல். கீழை என்ரை முழுப் பேரையும் எழுதச் சொன்னனான். தன்ரை புத்தகத்தை விட்டு வெளியிலை போகாது எண்டவர்."

நான் காரை எடுத்தேன். பெரிய வீதிக்கு ஏறுகிற இடத்தில், தம்பி முன்னால் எட்டி, காற்சட்டைப் பையிலிருந்து எடுத்த அந்தக் கையை அவருடைய தோளில் வைத்தான். வீடு வரும்வரை எடுக்கவில்லை.